ஒரே .40 தோட்டா, மூன்று பாலிமர் பிஸ்டல்: எது அதிகம் உதைக்கும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் கிரீன் கார்டு வந்த பிறகு தன் முதல் கைத்துப்பாக்கியை வாங்கப் பார்க்கிறார். கல்லூரி நாளில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டதோடு சரி. கடையில் காவல் துறைகள் மாற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்த .40 (குண்டின் விட்டம் 0.40 அங்குலம்) பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கின்றன: க்ளாக் 22, ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 40, ஹெக்லர் அண்ட் கோக் யூ.எஸ்.பி. 40. மூன்றும் பாலிமர் (உடல் பகுதி கடினப் பிளாஸ்டிக்), மூன்றும் ஒரே தோட்டா, அப்படியென்றால் உதைப்பும் ஒன்றுதானே, ஏன் ரேஞ்சில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி. அவருக்கே நேராகப் பதில் சொல்கிறேன். தோட்டா தரும் உந்தம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்த உந்தம் உங்கள் கைக்கு வந்து சேரும் விதம் ஒன்றல்ல. எவ்வளவு நேரத்தில் வருகிறது, கையின் எந்த இடத்தில் வருகிறது, முடிந்த பிறகு முன் சைட் (குழல் முனையில் உள்ள குறிபார்க்கும் மேடு) எங்கே போய் நிற்கிறது என்பதெல்லாம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இதில் என் அனுபவத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது ஒரு விஷயம். அந்தப் பிஸ்டல் .40 தோட்டாவை மனதில் வைத்து வரையப்பட்டதா, இல்லை 9 மில்லிமீட்டருக்காக வரைந்ததில் .40-ஐப் பிறகு நுழைத்தார்களா என்பதுதான் அது.

அதற்கு இந்தத் தோட்டா எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களுக்கும் எஃப்.பி.ஐ. ஆட்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்கள் இறந்தார்கள். ஏற்கெனவே குண்டு பட்டிருந்த கொள்ளையன் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருந்தான். 9 மில்லிமீட்டர் குண்டு போதுமான ஆழம் போகவில்லை என்று எஃப்.பி.ஐ. முடிவு செய்து 10 மில்லிமீட்டர் ஆட்டோ என்ற பலமான தோட்டாவுக்குப் போனது. அதன் முழு வேகத் தோட்டா பலருக்குக் கையில் அடங்கவில்லை. வேகத்தைக் குறைத்து, 180 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) குண்டை நொடிக்கு 950 அடி அளவில் விட்டால் போதும் என்று ஆனது. அவ்வளவு கொஞ்ச வெடிமருந்துக்கு அவ்வளவு நீளக் கேஸ் (மருந்து அடைக்கும் உலோகக் கூடு) எதற்கு? கேஸை வெட்டிக் குட்டையாக்கினால் 9 மில்லிமீட்டர் அளவுள்ள பிஸ்டலிலேயே அடங்கிவிடும். ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து 1990 ஜனவரியில் அறிமுகம் செய்த .40 எஸ் அண்ட் டபிள்யூ அப்படி வந்ததுதான்.

இந்தத் தோட்டாவுக்காக ஸ்மித் அண்ட் வெஸன் கொண்டுவந்த 4006 முழுக்க எஃகு. வெற்றாகவே ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஆனால் அதற்கு முன்பே கடைக்கு வந்து சேர்ந்தது க்ளாக் 22. வெற்று எடை சுமார் 650 கிராம். அதாவது எஃகுத் துப்பாக்கியோடு சேர்த்து யோசித்த ஒரு தோட்டா, அதன் எடையில் பாதியை விடக் கொஞ்சம் அதிகம் உள்ள பாலிமர் துப்பாக்கியில்தான் பெயர் வாங்கியது. ".40 என்றால் துள்ளும்" என்று இன்று எல்லோரும் சொல்வதற்கு விதை இங்கேதான் விழுந்தது.

கணக்கும் கொஞ்சம் போட்டுவிடலாம், கடினமில்லை. போட்டிச் சுடுதலில் 'பவர் ஃபேக்டர்' என்று ஒன்று உண்டு. குண்டின் எடையைக் கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 9 மில்லிமீட்டரில் வழக்கமான 124 கிரெய்ன் குண்டு 1150 அடி வேகத்தில் போனால் 143 வரும். .40-இல் 180 கிரெய்ன் 1000 அடியில் போனால் 180. உந்தம் கால் பங்குக்கு மேல் கூடுதல். துப்பாக்கி பின்னால் வரும் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், எடை ஏறக்குறைய ஒன்றாக உள்ள இரண்டு பிஸ்டல்களில் .40-இன் உதைப்பு ஆற்றல் ஒன்றரை மடங்கு அளவுக்குப் போய்விடும். எண்ணில் கால் பங்கு, கையில் பாதிப் பங்கு.

.45 ஏ.சி.பி. என்ற பெரிய தோட்டாவுக்கு இதே கணக்குப் போட்டால் 230 கிரெய்ன் 850 அடியில் 195 வரும், .40-ஐ விட அதிகம். ஆனால் பலரும் .45 'தள்ளுகிறது', .40 'வெட்டி இழுக்கிறது' என்றுதான் சொல்வார்கள். .45-இன் அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, .40-க்கு 35,000. இந்த 35,000 என்பது 9 மில்லிமீட்டருக்கும் உள்ள அளவுதான், ஆனால் 9 மில்லிமீட்டர் தள்ளுவது இலேசான குண்டு. கனமான குண்டும் உயர்ந்த அழுத்தமும் சேர்ந்து வருவதுதான் .40-இன் குணம். அந்தத் தோட்டா சின்ன, வேகமாக ஓடும் ஸ்லைடு (சுட்டதும் பின்னால் போய் முன்னால் வரும் மேல் பாகம்) உள்ள துப்பாக்கியில் இருப்பதால் குணம் இன்னும் கூர்மையாகிறது.

சுட்டவுடன் கையில் என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் புரியும். மொத்தமும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் அதில் மூன்று தனித் தனி நிகழ்வுகள் இருக்கின்றன. முதலில் ஸ்லைடும் பேரலும் (குழல்) பூட்டியபடியே பின்னால் கிளம்பும், பிறகு பேரல் கீழே சாய்ந்து பூட்டு விடும். அப்புறம் ஸ்லைடு மட்டும் தனியாக ஓடிப் பின்கோடியில் ஃபிரேமில் (பிடியோடு சேர்ந்த கீழ் உடல்) மோதும். நாம் 'உதை' என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த மோதல்தான், முனை மேலே எழுவதும் இங்கேதான். கடைசியாக ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றி மூடும்போது முனை கொஞ்சம் தலை குனியும். இந்த மூன்றையும் மெதுவாக, ஒழுங்காகச் செய்யும் துப்பாக்கி கைக்கு இதமாக இருக்கும். ஸ்லைடு வேகமாகப் போய் பலமாக மோதினால் அதே தோட்டா முரடாகத் தெரியும்.

இனி உங்கள் மூன்று துப்பாக்கிகளுக்கு வருகிறேன்.

க்ளாக் 22, 9 மில்லிமீட்டர் க்ளாக் 17-இன் உடன்பிறப்பு. வெளி அளவு ஏறக்குறைய அதேதான், பேரல் 114 மில்லிமீட்டர், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) 15 தோட்டா. ஸ்லைடு கொஞ்சம் கனம், மொத்த எடையில் கூடுவது சில பத்துக் கிராம்கள்தான். மூன்றாம் தலைமுறையில் இரண்டுக்கும் ஒரே ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடின் ஓட்டத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புவது). கால் பங்கு கூடுதல் உந்தத்தைத் தாங்க இந்தச் சில பத்துக் கிராம் போதவில்லை என்பதை முதல் மேகசினிலேயே கை சொல்லிவிடும். ஸ்லைடு ஓட்டம் சட்டென்று முடிகிறது, முனை சுண்டி எழுகிறது, ஆனால் அதே வேகத்தில் திரும்பவும் வருகிறது. இந்தக் கடைசிப் பாதியைக் குறை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். க்ளாக்கின் பேரல் கைக்கு மிக அருகில், தாழ்வாக உட்கார்ந்திருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவையிலிருந்து பேரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நீள நெம்புகோல் போல அது மணிக்கட்டைத் திருப்பும். க்ளாக்கில் அந்தக் கோல் குட்டை. அதனால் உதை நேராகப் பின்னால் வரும், மேலே சுழல்வது குறைவு. பிடி இறுக்கமாக உள்ளவருக்கு க்ளாக் 22 வேகமாகச் சுடத் தக்க துப்பாக்கி. பிடி தளர்ந்தவருக்குத்தான் அது ஒவ்வொரு முறையும் கைக்குள் நகர்ந்து உட்காரும்.

.40 க்ளாக்கின் உண்மையான பலவீனம் கைவலி அல்ல. மூன்றாம் தலைமுறை 22-இன் கீழ் விளக்கை மாட்டினால் அடுத்த தோட்டா ஒழுங்காக ஏறுவதில்லை என்ற சிக்கல் பல காவல் துறைகளில் எழுந்தது. விளக்கு இல்லாதபோது பாலிமர் ஃபிரேம் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. விளக்கு மாட்டியதும் அது விறைப்பாகிறது, ஸ்லைடின் வேகமும் மேகசின் ஸ்பிரிங் தோட்டாவை மேலே தள்ளும் வேகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பலமான மேகசின் ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்தார்கள். 2010-இல் வந்த நான்காம் தலைமுறையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டை ரீகாயில் ஸ்பிரிங் வந்தது. .40-இல் அந்த மாற்றம் கைக்கே தெரியும்: சுண்டல் அப்படியே இருக்கும், பின்கோடி மோதல் மட்டும் தணிந்திருக்கும். ஆகவே கடைக்காரர் மூன்றாம், நான்காம் தலைமுறை இரண்டையும் வைத்திருந்தால், விலையில் சிறு வித்தியாசம்தான் என்றால், நான்காவதை எடுங்கள். அதன் பிடிக்குப் பின்னால் மாட்டும் தகடுகளும் உண்டு, சின்னக் கைக்கு உதவும்.

எம் அண்ட் பி வேறு கதை. 2005 கடைசியில் அறிவித்து 2006-இல் பரவலாக வந்தபோது முதலில் வந்ததே .40 தான், 9 மில்லிமீட்டர் பிறகு. துப்பாக்கியைப் பார்த்தாலே இது தெரியும். ஃபிரேமுக்குள் எஃகுச் சட்டம் ஒன்றைப் புதைத்திருக்கிறார்கள், ஸ்லைடும் கனம். எடை க்ளாக்கை விடக் கொஞ்சம் கூடுதல், பேரல் 108 மில்லிமீட்டர், மேகசினில் அதே 15. நான் இதை விரும்பக் காரணம் பிடி. பின்பக்கத்தில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் மாற்றிக்கொள்ளலாம், அது பின்தகடு மட்டுமல்ல, உள்ளங்கைப் பக்கவாட்டையும் நிரப்பும். உதை என்பது ஆற்றலோடு முடிவதில்லை, அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதும்தான். க்ளாக்கின் பிடி பட்டையாக, கவையில் ஒரு கோடாக அழுத்தும். எம் அண்ட் பி உருண்டையாக உள்ளங்கை முழுவதும் பரவும். பேரலும் தாழ்வாகவே இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துச் சுட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் எம் அண்ட் பி மென்மை என்று சொல்வதைத்தான் கேட்டிருக்கிறேன், எனக்கும் அதே உணர்வுதான்.

பழைய எம் அண்ட் பி-யின் குறை டிரிகர். சுட்டபின் விரலைத் தளர்த்தினால் எந்த இடத்தில் மறுபடி பூட்டுகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியாது. 2017-இல் வந்த 2.0 வடிவத்தில் அதைத் திருத்தியிருக்கிறார்கள், பிடியின் சொரசொரப்பும் கூடியிருக்கிறது. அந்தச் சொரசொரப்பு .40-க்கு மிகவும் பொருத்தம். வியர்த்த கையிலும் துப்பாக்கி நகராது. ஆனால் சட்டைக்குள் வைத்து நாள் முழுக்க நடப்பவருக்குத் தோல் உராயும்.

யூ.எஸ்.பி. இன்னொரு வகைச் சிந்தனை. 1993-இல் வந்தது, அதுவும் .40-ஐ முன்வைத்தே வரையப்பட்டது. அதன் ரீகாயில் ஸ்பிரிங் கம்பியின் முனையில் தனியாக ஒரு தடித்த தாங்கு ஸ்பிரிங் இருக்கிறது. பேரல் பூட்டு விடுபட்டுக் கீழே இறங்கும் அதிர்ச்சியையும், ஸ்லைடு கோடியில் மோதும் அதிர்ச்சியையும் அது வாங்கிக்கொள்ளும். வண்டியின் ஷாக் அப்சார்பர் செய்யும் வேலைதான். எடையும் வெற்றாகவே முக்கால் கிலோ அளவுக்கு வரும். அதனால் யூ.எஸ்.பி. சுடும்போது கூர்மை இல்லை. ஒரு நீண்ட, உருண்டு வரும் தள்ளல் இருக்கிறது.

ஆனால் மென்மையாக இருப்பதும் வேகமாகச் சைட் திரும்புவதும் ஒன்றல்ல. யூ.எஸ்.பி.யில் வெளியே ஹேமர் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல்) இருப்பதால் பேரல் கைக்கு மேலே உயரமாக இருக்கிறது. முனை அதிகம் எழும், நிதானமாக இறங்கும். பிடி செவ்வகக் கட்டை போல இருக்கும், சின்னக் கைக்குச் சிரமம். முதல் குண்டுக்கு டிரிகர் நீளமாக, கனமாக இழுபடும். இரண்டாவதிலிருந்து குட்டையாக, இலேசாக. புதியவர் ஒருவர் இரண்டு வகை இழுவையைப் பழகுவதற்குள் தோட்டாவுக்கு நிறையச் செலவழித்திருப்பார். கை பெரியது, பொறுமை உண்டு என்றால் மூன்றிலும் நீண்ட நாள் உழைக்கும் துப்பாக்கி இதுதான் என்பேன். யூ.எஸ்.பி. காம்பாக்ட் என்ற சின்ன வடிவத்தில் இந்தத் தாங்கு ஸ்பிரிங் கிடையாது, பாலிமரால் ஆன ஒரு வளையம்தான் இருக்கும். பெயர் ஒன்று என்று நினைத்து அதை வாங்கிவிட வேண்டாம்.

கடையில் வேறு சிலவும் கண்ணில் படலாம். குரோவேஷியாவில் செய்யப்படும் ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்.டி.யின் பிடி வசதி, ஆனால் பேரல் உயரம், முனை எழுச்சி அதிகம். அமெரிக்க எல்லைக் காவல் படை வைத்திருந்த ஹெக்லர் பி2000, இலேசானது, அதனால் யூ.எஸ்.பி.யை விடச் சுண்டும். பெரெட்டா பி.எக்ஸ்.4 கிடைத்தால் மட்டும் ஒரு முறை கட்டாயம் சுட்டுப் பாருங்கள். அதில் பேரல் சாய்வதில்லை, சுழன்று பூட்டு விடுகிறது. .40-ஐ இவ்வளவு நிதானமாகச் சுடும் பாலிமர் பிஸ்டல் வேறு அதிகம் இல்லை. க்ளாக் 27 போன்ற குட்டிகளை முதல் துப்பாக்கியாக வாங்கவே வேண்டாம். சுண்டு விரலுக்குப் பிடியில் இடம் இருக்காது, .40-இல் சுண்டு விரல்தான் முனையைக் கீழே பிடித்து வைக்கிறது.

துப்பாக்கியை மாற்றாமலே உதைப்பை மாற்றவும் வழி உண்டு, தோட்டாதான். .40 கடையில் 155, 165, 180 கிரெய்ன் என்று பெட்டிகள் இருக்கும். குண்டு இலேசானால் உதையும் இலேசு என்று புதியவர்கள் 155-ஐ எடுப்பார்கள். அது 1200 அடி வேகத்தில் போகிறது, பவர் ஃபேக்டர் 186. அதாவது 180 கிரெய்னை விடக் கூடுதல். மருந்தும் அதிகம், வெடிப்பொலியும் கூர்மை. 165 கிரெய்ன் 1130 அடியிலும் அதே கதைதான். 180 கிரெய்ன் வட்டமுனை அல்லது தட்டைமுனைப் பயிற்சித் தோட்டாவில் தொடங்குங்கள். மெதுவான தள்ளல் வருவது அதில்தான். ஒரு துப்பாக்கியை 180-இலும் இன்னொன்றை 155-இலும் சுட்டுவிட்டு ஒப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பே இல்லை. மூன்றுக்கும் ஒரே பெட்டித் தோட்டா.

எப்படி ஒப்பிடுவது? கை வலித்ததா என்று பார்க்காதீர்கள், ஏனென்றால் சத்தமும் பயமும் வலியோடு கலந்துவிடும். ஏழு கெஜத்தில் ஒரு தாளை மாட்டுங்கள். ஐந்து தோட்டாவை நிதானமாகச் சுடுங்கள், முன் சைட் எங்கே எழுகிறது என்று கண்ணை மூடாமல் பாருங்கள். அது நேராக மேலே போய் அதே பாதையில் இறங்கினால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்குப் பொருந்துகிறது. இடம் வலமாக இறங்கினால் பிடியின் அளவு தவறு. அப்புறம் இரண்டு இரண்டாகச் சுடுங்கள். இரண்டாவது ஓட்டை முதலாவதிலிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறது என்பதுதான் உங்களுக்கான உண்மையான உதைப்பு அளவு. இரண்டாவது எப்போதும் கீழே விழுந்தால் குறை துப்பாக்கியிடம் இல்லை. உதையை எதிர்பார்த்து நீங்களே முனையை அழுத்துகிறீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: நண்பரிடம் மேகசினைக் கொடுத்து நடுவில் ஒன்றிரண்டு டம்மி (மருந்தில்லாத) தோட்டாக்களைக் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி வரும்போது வெறும் 'க்ளிக்' சத்தம்தான் கேட்கும். ஆனால் முனை சட்டென்று தலை குனியும். நான் கற்றுக்கொடுத்தவர்களில் இதைப் பார்த்து அதிராதவர் இல்லை. என்.சி.சி. ரைபிளில் உதை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லாததால், உங்களுக்கு இந்த எதிர்பார்ப்பு இன்னும் வரவில்லை. .40-இல் தொடங்கினால் முதல் நாளே வந்துவிடும். ரேஞ்சில் .22 பிஸ்டல் வாடகைக்குக் கிடைத்தால் முதல் ஐம்பது தோட்டாவை அதில் சுட்டுவிட்டு .40-க்கு வாருங்கள்.

வாடகை என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும், நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது, சிக்கல் இல்லை. ஆனால் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், முறையான வேட்டை உரிமம் போன்ற குறிப்பிட்ட சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். வார இறுதியில் அலுவலக நண்பர்களை ஆர்வத்தில் கூட்டிப் போகும் முன் அவர்கள் விசாவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகல் பொழுதுபோக்குக்காக யாருடைய குடியேற்ற வழக்கும் கெடக்கூடாது.

காவல் துறைத் துப்பாக்கி வாங்கும்போது என்ன பார்ப்பது? பெரும்பாலானவை உறையில் இருந்தே காலம் கழித்தவை. வெளியே தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்காது. ஸ்லைடின் மேல் பூச்சு போயிருப்பதைப் பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மேகசின் ஸ்பிரிங்கையும் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், சில டாலர்தான். .40-இல் தளர்ந்த ரீகாயில் ஸ்பிரிங் என்றால் ஸ்லைடு இன்னும் வேகமாக மோதும், உதை கூடும், ஃபிரேமும் அடி வாங்கும். "என் க்ளாக் பயங்கரமாக உதைக்கிறது" என்று கொண்டுவந்தவரின் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை மாற்றியதும் பாதிப் புகார் மறைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

கழற்றும்போது கவனம். க்ளாக்கைப் பிரிக்க டிரிகரை இழுத்தாக வேண்டும். பேரலின் பின்முனையில் உள்ள அறையில் ஒரு தோட்டா இருப்பதை மறந்து இழுத்து விபத்து நடந்திருக்கிறது. முதலில் மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் டிரிகர். எம் அண்ட் பி-யில் உள்ளே ஒரு சிறு நெம்புகோலைக் கீழே தள்ளிவிட்டு டிரிகரைத் தொடாமலே கழற்றலாம். வீட்டில் முதல்முறை துப்பாக்கி வைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கை, இரண்டும் .40-க்கே உரியவை. ரேஞ்சில் 9 மில்லிமீட்டரும் .40-உம் ஒரே மேசையில் இருந்தால் தோட்டாக்களைக் கலக்க விடாதீர்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா .40 அறைக்குள் நுழைந்து வெடிக்கவும் கூடும், கேஸ் கிழிந்து வாயு பின்னால் வரும். அடுத்தது, தினமும் இரவு தோட்டாவை வெளியே எடுத்துக் காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றும் பழக்கம். ஒவ்வொரு முறையும் குண்டு கேஸுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழுந்தும். .40-இல் கேஸ் குட்டை, அழுத்தம் உயரம். குண்டு சிறிது உள்ளே போனாலும் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். மேல் தோட்டாவை அடுத்த தோட்டாவோடு ஒப்பிட்டு, குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் சொல்லாமல் விட்டால் நேர்மையான பதிலாகாது. இந்தத் துப்பாக்கிகள் ஏன் இவ்வளவு மலிவு? 1997-இல் .40 க்ளாக்குக்குப் போன எஃப்.பி.ஐ.யே பிறகு 9 மில்லிமீட்டருக்குத் திரும்பிவிட்டது. 2014-இல் அவர்களின் பயிற்சிப் பிரிவு எழுதிய விளக்கத்தில், குண்டின் வடிவமைப்பு முன்னேறிவிட்டதால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பெரும்பாலானவர்கள் 9 மில்லிமீட்டரில் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பதுதான் சாரம். 2016-இல் 9 மில்லிமீட்டர் க்ளாக்குக்கு ஒப்பந்தம் போட்டார்கள். நாடெங்கும் காவல் துறைகள் பின்தொடர்ந்தன, அவர்கள் விட்டது உங்கள் கடைக்கு வந்திருக்கிறது. துப்பாக்கியில் மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவில் கொடுப்பீர்கள், .40 பெட்டி 9 மில்லிமீட்டர் பெட்டியை விட விலை கூடுதல். மாதம் இரண்டு பெட்டி சுடுவதாக இருந்தால் எத்தனை மாதத்தில் சரிக்குச் சரி ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

அதற்காக .40 வீண் என்று நான் சொல்லவில்லை. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கச் சுடுதல் சங்கத்தின் போட்டிகளில் லிமிடெட் பிரிவில் மேஜர் மதிப்பெண் (பவர் ஃபேக்டர் அதிகமான தோட்டாவுக்குத் தருவது) வேண்டுமென்றால் குறைந்தது .40 குண்டு தேவை என்பதால், நாட்டின் மிக வேகமான கைகள் பல பத்தாண்டுகளாக இதைத்தான் சுட்டன. அவர்கள் துப்பாக்கி கனமானது, பிடி இறுக்கமானது, அவ்வளவுதான் இரகசியம். இந்தத் தோட்டாவை அடக்கக் கற்றுக்கொண்டவர் மற்ற எதையும் அடக்குவார் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஆகவே உங்கள் இடத்தில் நான் இருந்து, .40 தான் என்று முடிவாகிவிட்டால், எம் அண்ட் பி-யை எடுப்பேன். 2.0 கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் பழையதே போதும், டிரிகர் பழகிவிடும். கடையில் பிடித் தகடுகள் எல்லாவற்றையும் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள், காவல் துறைத் துப்பாக்கிகளில் பாதி நேரம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் மூட்டுக்கு முன்னால் உள்ள சதைப்பகுதி டிரிகரின் நடுவில் உட்கார வேண்டும், மணிக்கட்டு வளையாமல் முன்கையின் நேர்கோட்டிலேயே பேரல் இருக்க வேண்டும். விரலை எட்டிப் போட வேண்டியிருந்தால் சின்னத் தகடு, விரல் அதிகம் உள்ளே போனால் பெரியது. அது சரியாக அமைந்த பிறகு 180 கிரெய்ன் பயிற்சித் தோட்டா இரண்டு பெட்டி வாங்குங்கள். முதல் நாள் ஒரு பெட்டிக்கு மேல் வேண்டாம். ஐம்பதுக்கு மேல் கை களைத்து, தவறான பிடிதான் பழகும். இரண்டாவது பெட்டியை அடுத்த வாரம் எடுத்துப் போங்கள், டம்மி தோட்டாக்களோடு.